பூசணிப்பேட்டை ஸ்டேஷன்

பூசணிப்பேட்டை என்றொரு ஊர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. தமயந்திக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் பெயரை வைத்தவளே அவள்தான். பூசணி அவள் வளர்க்கும் பூனை. மஞ்சளும் வெள்ளையுமாகக் கொழுத்துப்போய், சோபாவில் தனக்கென்று ஒரு பள்ளமே ஏற்படுத்தி வைத்திருக்கும் சோம்பேறி. அதன் பெயரில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன் வரப்போவதாக ஞாயிற்றுக்கிழமை காலைச் செய்தியில் அறிவிப்பாளர் சிரித்த முகத்தோடு சொன்னபோது, தமயந்தி வாயில் இருந்த காபியை விழுங்க மறந்துபோனாள்.

"பதினோராவது தடத்தில், உப்புக்கிடங்குக்கும் மணலடிக்கும் நடுவே அமையவிருக்கிறது பூசணிப்பேட்டை ஸ்டேஷன். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் பரந்த பூசணித் தோட்டங்கள் இருந்ததாக மெட்ரோ தடவாரியத்தின் வரலாற்றுக் குறிப்பு தெரிவிக்கிறது."

முந்நூறு ஆண்டுகளாம். பூனைக்கு வயது ஏழு.

தமயந்திக்கு நாற்பத்திரண்டு. மாத்திரை அட்டைகளின் முதுகில் எறும்பு சைஸில் எழுத்துகளை அடுக்கிக் கொடுப்பது அவள் வேலை. பிடித்த வேலை வேறு. 'தடம்' என்ற இணையதளத்தில் ஒன்பது வருஷமாக மெட்ரோ மேப் வரைந்துகொண்டிருந்தாள். உலகத்தில் ஓடுகிற ரயில், ஓடாத ரயில், ஓடவே முடியாத ரயில் எல்லாவற்றுக்கும் அங்கே மேப் உண்டு. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் ஊரைத் தேர்ந்தெடுத்து, கலரை எடுத்துக் கோடு இழுக்கலாம். அடியில் நகரத்தின் நிஜ மேப் மங்கலாகத் தெரியும். கோடு நேராகப் போகவேண்டும், திரும்பினால் நாற்பத்தைந்து பாகையில்தான் திரும்பவேண்டும், ஸ்டேஷன் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. இந்த மூன்றையும் தமயந்தியைப் போல் யாரும் செய்ததில்லை என்று பெயர். அவள் கோடு வளைகிற அழகுக்கே தனியாக ரசிகர்கள் இருந்தார்கள்.

ரசிகர்கள் இருந்தால் திருடர்களும் இருப்பார்கள். மேப்பை அப்படியே சுட்டு, கலரை மட்டும் மாற்றி, சொந்தச் சரக்கு என்று போடுகிறவர்களைப் பிடிக்க அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இல்லாத ஸ்டேஷன் ஒன்றை மேப்பில் நட்டுவைப்பார்கள். கள்ள ஸ்டேஷன் என்று அதற்குப் பெயர். அது இன்னொருவர் மேப்பில் தலைகாட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு ஒரே ஒரு தர்மம்தான். கள்ள ஸ்டேஷனைக் காலி இடத்தில்தான் வைக்கவேண்டும், அப்போதுதான் யாருக்கும் பாதகமில்லை. தமயந்தியும் தர்மத்தை மீறாமல், அடியில் ஒரு கட்டடம்கூட இல்லாத சாம்பல் திட்டு ஒன்றைத் தேடிப்பிடித்துப் பூசணிப்பேட்டையை வைத்திருந்தாள்.

போன வருஷம் 'தட'த்தைத் தடவாரியம் தன்னோடு இணைத்துக்கொண்டது. 'மக்கள் வரைந்த மெட்ரோ' என்று ஊரெல்லாம் விளம்பரம். ஒரு நாள் திரையில் நாற்பது பக்க ஒப்பந்தம் வந்தது. எல்லாரையும் போல அவளும் படிக்காமல் 'சம்மதம்' என்பதை அழுத்தினாள்.

ஒளிப்பதில் என்ன இருக்கிறது, செய்தியைக் கேட்ட முதல் அரைமணி நேரம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பூனையைத் தூக்கி முத்தம்கூடக் கொடுத்தாள். 'தட'த்தில் வாழ்த்துகள் குவிந்தன. 'ஸ்டேஷன் அம்மா' என்று அவள் பெயருக்குப் பக்கத்தில் தங்க வட்டம் ஒன்று முளைத்திருந்தது. யாரோ ஒரு ரசிகர் அந்த இடத்தின் மேல் டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்துப் போட்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். காலி இடம் முழுக்கக் கூரைகள். தகரமும் தார்பாயும் ஓடுமாக நெருக்கியடித்துக்கொண்டு, நடுவில் ஒரு கொடிமரமும் மாதா சிலை வைத்த கெபியும் இருந்தன. படத்துக்குக் கீழே அந்த ரசிகர் எழுதியிருந்தார்: 'இந்தக் குப்பையெல்லாம் போனால் உங்கள் வளைவு சூப்பராகத் தெரியும் மேடம்!' அதற்கு நானூறு லைக்.

மறுநாள் காலை லீவு போட்டுவிட்டுப் போனாள். அங்கே இருக்கிறவர்கள் அதைக் கொட்டாங்கரை என்றார்கள். சாக்கடைக் கால்வாய் கறுப்பாக, நகராமல் கிடந்தது. இறால் ஓடுகள் குவிந்து அழுகுகிற நாற்றம் சந்து முனைவரை வீசியது. துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் நுழைந்தாள். ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயின்டில் ஒரு எண். 1, 2, 3 என்று போய் 312இல் முடிந்தது.

நூற்றுப் பதினேழாம் எண் வாசலில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அளக்க வந்தியா?"

"இல்லக்கா. சும்மா பார்க்க வந்தேன்."

"மூக்கப் பொத்திக்கினு வர்றவங்க எல்லாம் அளக்கத்தான் வருவாங்க."

தமயந்தி துப்பட்டாவை இறக்கிவிட்டாள். நாற்றத்தைவிடத் தன் மூஞ்சிதான் அவளுக்கு அப்போது அருவருப்பாக இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் செசிலி. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவளை வேறொரு இடத்திலிருந்து பெயர்த்து முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டார்களாம். அங்கே கடலும் கிடையாது, இறாலும் கிடையாது. மூன்றே மாதத்தில் திரும்பி வந்து இங்கே வீட்டைக் கட்டிக்கொண்டாள்.

"தொண்ணூறு நாள் டைம் குட்த்துக்கிறாங்க. மறுபடியும் அந்தப் பொட்டக்காட்டுக்கே போணுமாம். பூசணிப்பேட்டன்னு பேரு சொல்றாங்கோ. இங்க எவன் பூசணி நட்டான்? முள்ளுச்செடியும் சேறுமாக் கெடந்துச்சு, நாங்கதான் மண்ணு கொட்டி நெரவுனோம்."

'அது என் பூனை பேருக்கா' என்று சொல்ல நாக்கு வரவில்லை. "நான் ஆபீஸ்ல பேசிப் பார்க்கறேன்" என்று மட்டும் சொல்லி, போன் நம்பரைக் கொடுத்தாள். செசிலி இறால் கையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது அந்தக் கையை மடியில் படாமல் தள்ளியே வைத்திருந்தோம் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் தமயந்திக்கு உறைத்தது.

தடவாரியத்தில் துணை இயக்குநர் இளம்வழுதியைப் பார்க்கக் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பெயரைச் சொன்னதும் வாசல்வரை வந்து அழைத்துப்போனார். அறைக்குள் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். என்ன ஏது என்று கேட்பதற்குள் அவள் தோளில் பொன்னாடை விழுந்தது. போட்டோவும் எடுத்தாயிற்று. குற்றத்தை ஒப்புக்கொள்ள வந்தவளுக்குச் சரிகை போட்ட மரியாதை!

கூட்டம் கலைந்ததும் சொன்னாள். "சார், அது பொய் ஸ்டேஷன். என் மேப்பைத் திருடறவங்களைப் பிடிக்கறதுக்காக நான் வெச்சது. அப்படி ஒரு ஊரே கிடையாது."

"தெரியும் மேடம்."

"தெரியுமா?"

"தெரியாம என்ன? உங்க ஒருத்தர் மேப்புல மட்டும் இருந்திருந்தா கணியன் அதைத் தூக்கிப் போட்டிருக்கும்." கணியன் என்பது வாரியத்தின் கணினி. தடம் எங்கே போகவேண்டும், ஸ்டேஷன் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். மனுஷர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். "ஆனா உங்க மேப் அழகா இருக்குன்னு ஊர்ல இருக்கறவங்க எல்லாம் அதைப் பார்த்துதான் வரையறாங்க. பதினாலாயிரம் மேப்புல பூசணிப்பேட்டை இருக்கு. பதினாலாயிரம் பேர் சேர்ந்து கேட்டா அது எப்படி மேடம் பொய்யாகும்? அது மக்கள் விருப்பம்."

"அங்கே முந்நூத்திப் பன்னெண்டு வீடு இருக்கு சார்."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அதே சாம்பல் திட்டு. "எங்க இருக்கு, காட்டுங்க."

"நேர்ல இருக்கு. நேத்து போய்ப் பார்த்துட்டுத்தான் வரேன்."

"அடி மேப்புல பட்டா இருக்கற கட்டடம் மட்டும்தான் மேடம் வரும். பட்டா இல்லாதது ஒண்ணும் வராது. கொடுமைதான், எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நான் பார்த்து என்ன ஆகப்போகுது? கணியன் பார்க்கணும். அதுக்கு இந்த மேப்பை விட்டா வேற கண்ணு கிடையாது."

"அப்ப அது எதைப் பார்த்தாத்தான் விலகும்?"

"பட்டாக் கட்டடம், ராணுவ இடம், நீர்நிலை. அதுலயும் நீர்நிலைன்னா நூறு மீட்டர் தள்ளியேதான் போகும். பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் வந்த சட்டம்." அதைச் சொல்லும்போது அவர் பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவளும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். அதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னாடையைப் பூனைக்கு விரித்துவிட்டுக் கணினிமுன் உட்கார்ந்தாள். முதலில் நேர்மையான வழியைத்தான் முயன்றாள். கொட்டாங்கரைப் படங்களைப் போட்டு, கள்ள ஸ்டேஷன் கதையையும் எழுதி, தயவுசெய்து எல்லாரும் உங்கள் மேப்பிலிருந்து பூசணிப்பேட்டையை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். 'இங்கே அரசியல் வேண்டாமே, மேப் மட்டும் பேசுவோம்' என்று ஒருவர் எழுதினார். 'எடுத்தால் அந்த இடைவெளி அசிங்கமாக இருக்குமே' என்று இன்னொருவர். அந்த வளைவை எப்படி அவ்வளவு வழவழப்பாகக் கொண்டுவந்தீர்கள் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட ஜென்மங்களோடா ஒன்பது வருஷம் குப்பை கொட்டினோம் என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. தானும் போன வாரம்வரை இதே மாதிரிதான் எழுதியிருப்போம் என்று தோன்றியதும் ஆத்திரம் பாதியில் நின்றது.

அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். பூசணிப்பேட்டையை இழுத்துக்கொண்டுவந்து, தான் குடியிருக்கும் அடுக்குமாடியின் தலைமேலேயே வைத்தாள். இடிக்கட்டும், என் வீட்டையே இடிக்கட்டும் என்று நினைத்தாள். கைவிரலை எடுத்ததும் திரையில் ஒரு வரி வந்தது. 'இங்கே 64 பட்டா வீடுகள் உள்ளன. தடத்துக்கு அருகிலுள்ள காலி இடத்துக்கு மாற்றப்படுகிறது.' வட்டம் மெதுவாக வழுக்கிக்கொண்டு போய்க் கொட்டாங்கரையில் நின்றது. மறுபடி இழுத்து வைத்தாள், மறுபடியும் போயிற்று. மூன்றாவது தடவை அது விலகிப் போனபோது அவள் நெஞ்சுக்குள் 'அப்பாடா' என்று ஒரு மூச்சு வந்தது. அதை அவளே கேட்டாள். குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

உண்மையைச் சொன்னால் இந்தக் கணினிக்கு ஏறாது. பொய் சொன்னால், அதுவும் அழகாகச் சொன்னால், அப்படியே விழுங்கிவிடும். சரி, எனக்குத் தெரிந்த பொய்யையே சொல்கிறேன் என்று ஒரு முடிவுக்கு வந்தாள்.

மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அதுவரை வரைந்ததிலேயே அழகான மேப்பை வரைந்தாள். சாம்பல் திட்டு இருந்த இடத்தில் ஒரு ஏரியைப் போட்டாள். இளநீலத்தில், ஓரங்களெல்லாம் நாற்பத்தைந்து பாகையில் மடிந்து, பதினோராவது தடம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறமாதிரி இருந்தது. பெயர் கேட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'செசிலி ஏரி' என்று அடித்தாள். அவளாகச் செய்த ஒரு சின்ன மரியாதை.

பதினோரு நாளில் இருபதாயிரம் பேர் அந்த ஏரியைச் சுட்டுவிட்டார்கள். தன் மேப்பைத் திருடுகிறார்களே என்று ஜென்மத்தில் முதல் தடவையாக அவள் சந்தோஷப்பட்டாள். பன்னிரண்டாம் நாள் கணியன் தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஸ்டேஷன் அறுநூறு மீட்டர் வடக்கே, வறண்டு கிடந்த பழைய உப்பளத்துக்குப் போயிற்று. கொட்டாங்கரைக் கதவுகளில் இருந்த சிவப்பு எண்களின் மேல் வாரிய ஆட்களே வந்து சுண்ணாம்பு அடித்தார்கள்.

செசிலி போன் செய்து சாப்பிட வரச்சொன்னாள். கால்வாய் அப்படியேதான் நாறிக்கொண்டிருந்தது. தமயந்தி மூக்கைப் பொத்தவில்லை. எறாத் தொக்கும் சோறும் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள் செசிலி.

"இந்தத் தங்கச்சிதான் ஆபீஸ்ல பேசி நம்ம வூட்டக் காப்பாத்துச்சு. நல்லாத் துண்ணும்மா, வெக்கப்படாத."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஸ்டேஷனை இங்கே வைத்தவளும் நான்தான் என்று ஒரே ஒரு வாக்கியம். ஆனால் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்து நன்றி சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. பொன்னாடையைவிட இது நன்றாகத்தான் இருந்தது. வாயைத் தொக்குக்கு மட்டும் திறந்தாள்.

நாலு மாதம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செசிலி போன் செய்தாள். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"தங்கச்சி, வேற ஒரு நோட்டீசு வந்துக்கிது. எம் பேர்ல ஏரின்னு என்னமோ போட்டுக்கிறாங்கோ. படிச்சவ நீ, வந்து இன்னான்னு பார்த்துச் சொல்லேன்."

ஆட்டோவில் போகும்போதே இளம்வழுதியைப் பிடித்தாள். "சார், கொட்டாங்கரைக்கு என்ன நோட்டீஸ்?"

"நீர்நிலை மீட்புப் பிரிவு அனுப்பினது மேடம். இருபதாயிரம் மேப்புல இருக்கறதால அடி மேப்புல இப்ப அங்க ஏரி ஏறிடுச்சு. செசிலி ஏரி. வெள்ளைக்காரக் கலெக்டர் ஒருத்தர் பொண்டாட்டி பேர்ல வெட்டினதாம். நம்ம வரலாற்றுக் குறிப்புல வந்திருக்கு, பார்க்கலையா?"

"அங்கே ஏரியே இல்ல சார்! போய்ப் பாருங்க, சொட்டுத் தண்ணி இருக்கான்னு. இதையும் நான்தான் வரைஞ்சேன்!"

"அதைத்தான் மேடம் அவங்களும் சொல்றாங்க. மேப்புல ஏரி இருக்கு, நேர்ல போனா இல்ல. அப்படின்னா என்ன அர்த்தம்? மூடிட்டு மேல வீடு கட்டிட்டாங்கன்னு அர்த்தம். நீர்நிலை ஆக்கிரமிப்புக்குத் தொண்ணூறு நாளெல்லாம் கிடையாது. பதினஞ்சே நாள்தான்."

இதைச் சொல்லிவிட்டு, அடுத்த மாத ஸ்டேஷன் அடிக்கல் விழாவுக்கு அவசியம் வரவேண்டும் என்று வேறு அழைத்தார். தமயந்தி போனை வைத்தாள். ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

கொட்டாங்கரையில் சுண்ணாம்பின் மேல் இப்போது நீலப் பெயின்டில் எண் போட்டிருந்தார்கள். செசிலி அதே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இறால் கூடை பக்கத்தில் மூடி வைத்தபடி இருந்தது. நோட்டீஸை நீட்டினாள். 'செசிலி ஏரியை மூடி ஆக்கிரமித்துள்ள திருமதி செசிலி' என்று ஆரம்பித்திருந்தது.

தமயந்தி தரையிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பூனை, கள்ள ஸ்டேஷன், பொன்னாடை, ஏரி, எதையும் விடவில்லை. அழுகை வந்ததை அடக்கிக்கொண்டாள், அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றிருந்தது. செசிலி கையால் அடிப்பாள், இல்லாவிட்டால் அந்தக் கூடையைத் தூக்கித் தலையில் கொட்டுவாள் என்று தமயந்தி எதிர்பார்த்தாள். கொட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"எங்க, அத்தக் காட்டு" என்றாள் செசிலி.

தமயந்தி போனில் மேப்பைத் திறந்து காட்டினாள். செசிலி கண்ணைச் சுருக்கி, நீல ஏரியையும் அதைச் சுற்றிப் போகும் கோட்டையும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் வரஞ்சிக்கிற. ஸ்டேஷன் வரஞ்ச, ஏரி வரஞ்ச. வூடு ஒண்ணு வரைய வராதா ஒனக்கு?"

தமயந்தி வரைகருவிப் பட்டியலைத் திறந்தாள். ஸ்டேஷன், இணைப்பு ஸ்டேஷன், பாலம், சுரங்கம், பணிமனை. ஒன்பது வருஷமாகப் பழகிய பட்டியல்தான். இன்றைக்குத்தான் எதையோ தேடி அதைப் பார்க்கிறாள். ஆறு, ஏரி, கடல், பூங்கா, விமான நிலையம் வரைக்கும் வந்தது. அதோடு பட்டியல் முடிந்து, திரையின் அடியில் வெள்ளையாக நின்றது.

செசிலி அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கீழ போ" என்றாள். "இன்னும் கொஞ்சம் கீழ போம்மா, இருக்கும்."